கறுப்பு வெள்ளை ஃபிலிம் கற்கும் மாணவருக்கு: ரோல் போடுவதிலிருந்து பிரிண்ட் எடுப்பது வரை

ஃபிலிமில் படமெடுக்கப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் கேமராவைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். அதையும் சொல்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். உண்மையில் பாடம் நடத்துவது நெகட்டிவ், அதாவது வெளிச்சமும் இருட்டும் தலைகீழாகப் பதிந்த ஃபிலிம். வெளிச்சத்தை எப்படி அளந்தீர்கள், ஃபிலிமைக் கழுவும் டேங்கை எப்படி ஆட்டினீர்கள், கெமிக்கலின் சூடு எவ்வளவு இருந்தது எல்லாமே அந்த ஒன்றரை மீட்டர் பட்டையில் பதிவாகியிருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். அதனால் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், ஒரு ஃபிலிம், ஒரு டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கெமிக்கல்) என்று நிறுத்திக்கொண்டு நெகட்டிவைப் படிக்கப் பழகுங்கள். இந்த நான்கையும் மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு எது எதனால் நடந்தது என்று பிடிபடவே பிடிபடாது.

கேமரா

35 மி.மீ. ஃபிலிம் போடும் மேனுவல் எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா) ஒன்று, அதில் 50 மி.மீ. லென்ஸ். இது போதும். ஷட்டர் ஸ்பீடையும் (ஒளி விழும் நேரம்) அப்பர்ச்சரையும் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண் குறையக் குறைய துளை பெரிதாகும்) நீங்களே வைக்கும்படி இருக்க வேண்டும், உள்ளே ஒரு லைட் மீட்டர் இருந்தால் நல்லது. 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 மாணவர் கேமரா என்று பேர் வாங்கியதற்குக் காரணம், அதில் இவற்றைத் தவிர வேறு ஒன்றும் பெரிதாக இல்லை என்பதுதான். நிக்கான் எஃப்எம், எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி வரிசை எல்லாம் அதே ரகம். அனைத்துமே பழசு என்பதால் மாடலின் பெயரைவிட, கைக்கு வரும் அந்த ஒரு கேமராவின் நிலைமைதான் முக்கியம்.

வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து, லென்ஸை முழு அப்பர்ச்சரில் வைத்து, 1 வினாடியில் ஷட்டரை அழுத்திப் பாருங்கள். உத்தேசமாக ஒரு வினாடி திறந்திருக்க வேண்டும். அப்புறம் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து 1/1000. கண்ணுக்கு ஒரு நொடிப்பொழுது முழுச் சட்டமும் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு ஓரம் மட்டும் இருட்டாகத் தெரிந்தால் ஷட்டர் திரை ஒழுங்காக ஓடவில்லை. லென்ஸுக்குள் டார்ச் அடித்து, சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். பின்மூடி ஓரத்திலுள்ள பஞ்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டினால் வெளிச்சம் கசியும், ஆனால் அதை மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

ஓஎம்-1, எஸ்ஆர்டி போன்றவை 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் மீட்டர் வேலை செய்வதுபோல்தான் தெரியும், ஆனால் தப்பாகக் காட்டும். கே1000-இல் இந்தத் தொல்லை கிடையாது.

ஃபிலிம்

ஐஎஸ்ஓ, அதாவது ஃபிலிமின் ஒளியுணர்திறன் எண், 400-இல் தொடங்குங்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடக் டிரை-எக்ஸ் 400, கென்ட்மியர் 400, ஃபோமாபான் 400 இவற்றில் உங்களுக்கு விடாமல் கிடைக்கக்கூடிய ஏதாவது ஒன்று. எது சிறந்தது என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. தொடக்கத்தில் அதற்கு அவசியமும் இல்லை. பத்து ரோலாவது அதே ஃபிலிமில் எடுங்கள். 100 ஃபிலிமில் கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடித்துகள்) மெல்லிசாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அடர்ந்த நிழலில் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் ஸ்பீடு 1/30-க்குக் கீழே போய் படம் ஆடிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் என்பதும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான், ஆனால் கலர் ஃபிலிம் கழுவும் (டெவலப் செய்யும்) சி-41 முறைக்காகச் செய்யப்பட்டது. அதில் கடைசியில் மிஞ்சுவது சாயம், வெள்ளி அல்ல. நீங்களே கழுவிக் கற்கப் போகிறீர்கள் என்றால் அது வேண்டாம். உறையில் சி-41 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபிலிமுக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். ஜெலட்டின் பூச்சுக்குள் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்ட துகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் ஏற்படும். அப்படி மாறிய துகள்களை மட்டும் டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக்கும். மாறாத துகள்களை ஃபிக்ஸர் கரைத்து வெளியேற்றும். ஹைப்போ என்ற தயோசல்பேட் வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெல் 1819-லேயே கண்டுபிடித்துவிட்டார், அப்போது புகைப்படம் என்ற கலையே பிறந்திருக்கவில்லை. இன்றைக்கும் ஃபிக்ஸரின் அடிப்படை அதே தயோசல்பேட்தான்.

ரோல் போடுவது

நேர் வெயிலில் நின்று போடாதீர்கள். ஃபிலிமின் நுனியை, அதைச் சுற்றிக்கொள்ளும் ஸ்பூலின் காடியில் செருகி, லீவரை ஒருமுறை இழுத்து, மேலும் கீழும் உள்ள துளைகள் இரண்டு பக்கப் பற்களிலும் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே பின்மூடியை மூடுங்கள். மூடியதும் ரீவைண்டு குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகத் திருப்பி, தொய்வை எடுத்துவிடுங்கள். இனி ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் ஓடவில்லை. ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் முள்ளை நம்பாதீர்கள், ஃபிலிம் இல்லாவிட்டாலும் அது ஓடும். இரண்டு ஃபிரேம் வெற்றாக ஓட்டிவிட்டு ஐஎஸ்ஓ டயலை 400-இல் வையுங்கள்.

வெளிச்சத்தை அளப்பது

மீட்டருக்கு முன், மீட்டர் இல்லாத வழி. நல்ல வெயிலில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்போது, அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓ எண்ணுக்குக் கிட்டத்தட்டச் சமம். 400 ஃபிலிமுக்கு 1/500. மெல்லிய மேகமென்றால் எஃப்/11, மேகமூட்டமென்றால் எஃப்/8, கனத்த மூட்டமென்றால் எஃப்/5.6, வானம் தெரியும் திறந்த நிழலில் எஃப்/4. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இரு மடங்கு ஒளி. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். மீட்டர் எப்போது உளறுகிறது என்று தெரிந்துகொள்ள இது கையில் இருக்க வேண்டும்.

மீட்டர் உளறுவதற்கு ஒரு நியாயம் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே கணக்குச் சொல்லும். வெள்ளைச் சுவரின் முன் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். மீட்டர் 1/500, எஃப்/11 என்று சொன்னால் அது அந்தச் சுவரைச் சாம்பலாக்கும் எக்ஸ்போஷர் (ஃபிலிமுக்குக் கொடுக்கும் ஒளியின் அளவு), முகம் அதைவிடக் கறுத்துப்போகும். நீங்கள் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும், அதாவது எஃப்/8-க்கோ, எஃப்/8-க்கும் எஃப்/5.6-க்கும் நடுவிலோ திறக்க வேண்டும். கரும்பலகை முன் கறுப்பு உடையில் நிற்பவருக்கு நேர்மாறாக மீட்டர் அதிக ஒளி கேட்கும், அங்கே ஒரு ஸ்டாப் குறைக்கலாம்.

ஃபிலிமுக்கென்று ஒரு பழைய விதி இருக்கிறது: எக்ஸ்போஷரை நிழலுக்குக் கொடு, டெவலப் செய்யும் நேரத்தை வெளிச்சப் பகுதிக்குக் கொடு. நிழலில் ஒளி போதாமல் போனால் அந்த இடத்தில் ஃபிலிமில் ஒன்றுமே பதியாது, எவ்வளவு நேரம் கழுவினாலும் வராது. வெளிச்சப் பகுதியில் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப் கூடிப்போனாலோ 400 ஃபிலிம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். டிஜிட்டலில் பழகி வந்தவர்கள் வெள்ளை வெடித்துவிடுமோ என்று குறைத்தே எடுப்பார்கள். ஃபிலிமில் அந்தப் பழக்கம் தலைகீழாக மாற வேண்டும்.

இதைச் செயல்படுத்த எளிய வழி: படத்தில் விவரம் தெரிய வேண்டிய இருண்ட இடம் எது என்று முடிவு செய்யுங்கள், ஒரு மரத்தின் நிழற்பக்கப் பட்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் அருகே போய் மீட்டரை அதில் மட்டும் காட்டுங்கள். வரும் அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள். 1/60, எஃப்/4 என்று வந்தால் 1/60, எஃப்/8. பட்டை கறுப்பாகவும் இருக்கும், அதன் சொரசொரப்பும் தெரியும். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி உருவாக்கிய, ஒளியளவைப் படிகளாகப் பிரிக்கும் ஜோன் சிஸ்டத்தின் ஒரு சிறு துண்டுதான் இது. மீதியை இப்போதே படித்துக் குழம்ப வேண்டாம்.

முதல் ரோலை ‘நல்ல படம்’ எடுக்கச் செலவிடாதீர்கள். நிழலும் வெயிலும் கலந்த ஒரே காட்சியை ஆறு ஃபிரேம் எடுங்கள்: மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து, இரண்டு குறைத்து, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று கூட்டி. இதையே மேகமூட்டத்தில் ஒருமுறை, வீட்டுக்குள் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை. ஃபிரேம் எண், ஷட்டர், அப்பர்ச்சர், மீட்டர் காட்டிய இடம் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். எழுதாவிட்டால் இந்த ரோல் வீண்.

நிறத்தை மறப்பது

பச்சை இலைக்கு நடுவே சிவப்புப் பூ கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக வந்து பூ காணாமல் போகும். நிறத்தை நம்பி எடுக்காமல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எங்கே நிழல் வெட்டுகிறது என்று பார்த்து எடுங்கள். ஃபில்டர்கள் இதில் உதவும்: தன் நிறத்தை வெளுப்பாக்கும், எதிர் நிறத்தைக் கறுப்பாக்கும். மஞ்சள் ஃபில்டர் வானத்தைக் கொஞ்சம் இறக்கி மேகத்தை எடுத்துக்காட்டும், ஏறக்குறைய ஒரு ஸ்டாப் ஒளியைத் தின்னும். சிவப்பு ஃபில்டர் வானத்தைக் கருக்கிவிடும், மூன்று ஸ்டாப் தின்னும். தொடக்கத்துக்கு மஞ்சள் ஒன்று போதும். சிவப்பை வாங்கியவர்கள் கொஞ்ச நாளைக்கு எல்லா வானத்தையும் புயல் வானமாக்குவார்கள்.

ரோலைக் கழுவுவது

இதற்கு டார்க்ரூம் தேவையில்லை. ஃபிலிமை ரீலில் ஏற்றும் சில நிமிடங்களுக்கு மட்டும் முழு இருட்டு வேண்டும், அதற்குக் கைகளை உள்ளே விடும் சேஞ்சிங் பேக் போதும். கூடவே ரீலோடு ஒரு டெவலப்பிங் டேங்க், தெர்மாமீட்டர், அளவுக் குவளைகள், கத்தரிக்கோல், கேசட் (ஃபிலிம் சுற்றியிருக்கும் டப்பா) மூடியை நெம்ப ஒரு பாட்டில் ஓப்பனர், காயவைக்க இரண்டு கிளிப்.

ரீலில் ஏற்றுவதுதான் புதியவர்களைப் படுத்தும் வேலை. ஒரு பழைய ஃபிலிமைப் பலிகொடுத்து வெளிச்சத்தில் பார்த்தபடி சில முறை, கண்ணை மூடிக்கொண்டு சில முறை ஏற்றிப் பழகுங்கள். பிளாஸ்டிக் ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கி நின்றுவிடும். நுனியை நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக வளைவாகக் கத்தரித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இருட்டில் சிக்கினால் இழுக்காதீர்கள். ஃபிலிமையும் ரீலையும் டேங்குக்குள் போட்டு மூடி, கையை வெளியே எடுத்து, வேர்வை ஆறிய பிறகு மறுபடி தொடங்குங்கள். அவசரத்தில் மடங்கிய இடமெல்லாம் நெகட்டிவில் பிறை வடிவக் கறையாக நிற்கும்.

டெவலப்பருக்கு கோடக் டி-76 அல்லது அதற்கு இணையான இல்ஃபோர்டு ஐடி-11. டி-76 1920-களில் வந்தது, இன்றும் மற்ற டெவலப்பர்களை ஒப்பிட்டுப் பேச அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள். இது ஸ்டாக். ஒரு ரோலுக்கு 150 மி.லி. ஸ்டாக்கோடு 150 மி.லி. தண்ணீர் சேர்த்து, ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் புது டெவலப்பர் என்றால் சந்தேகப்பட ஒரு காரணம் குறைகிறது. டேங்கின் அடியில் ஒரு ரீலுக்கு எத்தனை மி.லி. வேண்டும் என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

எச்பி5 பிளஸை 400-இல் எடுத்து ஐடி-11-இல் கழுவினால், 20 டிகிரி செல்சியஸில் ஸ்டாக்காக ஏழரை நிமிடம், ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 13 நிமிடம். மற்ற ஃபிலிம்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்காத இடத்தில் நேரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு டிகிரி ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு நேரம் குறையும் என்பது கைக்கணக்கு, அதன்படி 24 டிகிரியில் 13 நிமிடம் ஒன்பதாகிவிடும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப் சீராக நடக்காமல் திட்டுத்திட்டாக வரும். சூடான ஊர்க்காரர்கள் தண்ணீர் கலந்து கழுவுவதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். அல்லது குவளைகளை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் குளிரவையுங்கள். எந்தச் சூட்டில் செய்தாலும் டெவலப்பர், ஃபிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாம் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

இனி வரிசை. டெவலப்பரை ஊற்றியதும் கடிகாரத்தை ஓட விடுங்கள். முதல் 10 வினாடியில் டேங்கை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் காற்றுக்குமிழிகள் விலகும். அப்புறம் ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் அதேபோல் 10 வினாடி, நான்கு முறை. இதில் ரோலுக்கு ரோல் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். நேரம் முடிய 10 வினாடி இருக்கும்போதே கொட்டத் தொடங்கி, ஸ்டாப் பாத்தை ஊற்றி அரை நிமிடம் ஆட்டுங்கள். ஸ்டாப் பாத் நீர்த்த அமிலம், டெவலப்பரின் வேலையை அந்தக் கணமே நிறுத்தும். அதைக் கொட்டிவிட்டு, ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்த ரேபிட் ஃபிக்ஸரில் மூன்று முதல் ஐந்து நிமிடம். ஃபிக்ஸருக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று அறிய, வெட்டிய நுனித் துண்டை வெளிச்சத்திலேயே அதில் போட்டுப் பாருங்கள். அது கண்ணாடியாகத் தெளிய எவ்வளவு நேரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்ய வேண்டும். புதிதாகக் கலந்தபோது எடுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் தெளிவதற்கே ஆனால் அந்த ஃபிக்ஸர் தீர்ந்தது.

பிறகு தண்ணீரில் அலசல். குழாயடியில் அரைமணி நேரம் ஓடவிட வேண்டாம். டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பிப் பத்து முறை, மறுபடி இருபது முறை. இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் சிக்கன முறை இது, போதுமானது. கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் சில துளி வெட்டிங் ஏஜென்ட் (நீர்க்கறை படியாமல் தடுக்கும் திரவம்) விட்டு ஒரு நிமிடம் வைத்து, தூசி பறக்காத குளியலறையில் தொங்கவிடுங்கள். விரலால் வழித்துவிடாதீர்கள், ஒரு மணல் துகள் போதும் முழு ரோலையும் கீற.

கெமிக்கலைக் கையாள நைட்ரைல் கையுறை போடுங்கள். டெவலப்பரிலுள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையல் பாத்திரத்தையோ குடிக்கும் பாட்டிலையோ இதற்கு எடுக்காதீர்கள். தீர்ந்த ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது, அதைச் சாக்கடையில் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்து ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். கல்லூரி ஆய்வகங்களில் பெரும்பாலும் இதற்கு வழி இருக்கும்.

எடுத்த ரோலை அந்த வாரமே கழுவிவிடுங்கள். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 இருந்தன. எடுத்த நேரத்து உற்சாகம் படத்தைத் தேர்வு செய்வதில் குறுக்கிடக் கூடாது என்று வேண்டுமென்றே காத்திருந்து கழுவியவர் அவர். அது கை பழகியவருக்கான வழி. கற்பவருக்கு, அந்த வெளிச்சம் எப்படி இருந்தது என்ற ஞாபகம் மங்குவதற்குள் நெகட்டிவ் கைக்கு வந்துவிட வேண்டும்.

நெகட்டிவைப் படிப்பது

காய்ந்ததும் ஆறு ஃபிரேம் வீதம் வெட்டி ஷீட்டில் போடுங்கள். ஸ்கேன் செய்ய ஓடாதீர்கள். லைட் டேபிளிலோ, வெள்ளைத் திரை காட்டும் போனைக் கொஞ்சம் கீழே வைத்தோ, ஒரு லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) அல்லது தலைகீழாகப் பிடித்த 50 மி.மீ. லென்ஸ் வழியாகப் பாருங்கள்.

முதலில் படத்தைப் பார்க்க வேண்டாம், ஓரத்தைப் பாருங்கள். துளைகளை ஒட்டி ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்களும் இருக்கும். அவை தொழிற்சாலையிலேயே ஒளி காட்டிப் பதித்தவை. உங்கள் கேமராவுக்கும் மீட்டருக்கும் அவற்றோடு சம்பந்தமே இல்லை. அவை எவ்வளவு கறுப்பாக வந்திருக்கின்றன என்பது நீங்கள் கழுவியதை மட்டுமே காட்டும். குற்றம் கேமராவிலா டேங்கிலா என்று பிரித்துச் சொல்லும் சாட்சி இதுதான்.

எழுத்துகள் நல்ல கறுப்பு, ஃபிரேம்கள் எல்லாம் வெறும் கண்ணாடி: கழுவியது சரி, ஃபிலிமில் வெளிச்சமே படவில்லை. பெரும்பாலும் ஸ்பூலில் மாட்டாமல் ரோல் ஓடாமலேயே இருந்திருக்கும், சிலசமயம் ஷட்டர் திறக்கவில்லை. எழுத்தும் இல்லை, படமும் இல்லை: டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். எழுத்து கறுப்பு, ஆனால் படம் மெலிந்து நிழல் பகுதி காலி: எக்ஸ்போஷர் போதவில்லை. எழுத்தும் வெளிறி, படமும் வெளிறி: டெவலப் போதவில்லை, சூடு குறைந்திருக்கலாம், நேரம் குறைந்திருக்கலாம், டெவலப்பர் பழசாகியிருக்கலாம். ஓரம் உட்பட ரோல் முழுக்கக் கறுப்பு: வெளிச்சம் புகுந்துவிட்டது.

அடுத்து நிழல்கள், அதாவது நெகட்டிவின் தெளிவான பகுதிகள். மரப்பட்டையோ கறுத்த தலைமுடியோ இருக்க வேண்டிய இடத்தில் லேசாகவாவது விவரம் தெரிகிறதா, இல்லை ஓரத்திலுள்ள வெற்று ஃபிலிமைப் போலவே காலியாக இருக்கிறதா? ரோல் முழுக்கக் காலி என்றால் உங்கள் மீட்டரும் பழக்கமும் சேர்ந்து குறைத்துக்கொடுக்கின்றன. அடுத்த ரோலுக்கு டயலை 400-க்குப் பதில் 200-இல் வைத்து எடுங்கள், டெவலப் செய்யும் நேரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஏறக்குறைய எல்லா மாணவர்களும் இந்தத் திருத்தத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

மூன்றாவதாக வெளிச்சப் பகுதிகள்: வானம், வெள்ளைச் சட்டை. நெகட்டிவை ஒரு செய்தித்தாளின் மேல் வைத்தால், மிகக் கறுத்த இடத்தின் வழியாகவும் கீழே உள்ள எழுத்தை மங்கலாகவாவது படிக்க முடிய வேண்டும். படிக்கவே முடியாத அளவுக்கு இறுகியிருந்து, நிழல்களும் சரியாக இருந்தால், டெவலப் செய்யும் நேரத்தை 15 சதவீதம் குறையுங்கள். நிழல் சரி, ஆனால் வெளிச்சப் பகுதி சோம்பலாகச் சாம்பல் பூத்திருக்கிறது என்றால் அதே அளவு கூட்டுங்கள். ஒரு ரோலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எக்ஸ்போஷரையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றினால் மறுபடி குழப்பம்தான்.

இப்போது அந்த ஆறு ஃபிரேம் வரிசையை நோட்டோடு வைத்துப் பாருங்கள். இரண்டு ஸ்டாப் குறைத்ததில் நிழல் எங்கே மறைந்தது, மூன்று கூட்டியதில் வானம் எவ்வளவு இறுகியது, அப்படியும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரியும். உங்கள் கேமரா, உங்கள் ஃபிலிம், உங்கள் தண்ணீர் மூன்றுக்கும் பொருந்தும் அட்டவணை வேறெங்கும் கிடைக்காது, இந்த ஒரு ரோலில்தான் இருக்கிறது.

மற்றபடி கறைகள். நெகட்டிவ் பால்போல் மங்கலாகவோ அழுத்தமான ஊதாவாகவோ இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை, புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் சரியாகிவிடும். சின்னத் தெளிவான வட்டங்கள் காற்றுக்குமிழிகள். துளைகளுக்கு நேராகக் கறுப்புக் கோடுகள் நீண்டால் டேங்கை மூர்க்கமாக ஆட்டியிருக்கிறீர்கள். நீளவாக்கில் நேர்க்கோடுகள் என்றால் கேசட் வாயிலோ அழுத்தத் தகட்டிலோ மணல். ஓரிடத்தில் கறுப்புப் புகைபோல் படிந்து அது துளைகளையும் தாண்டி ஓரம்வரை போனால் பின்மூடிக் கசிவு, மூடியோரப் பஞ்சை மாற்றுங்கள். ஃபிரேமுக்குள்ளேயே அடங்கியிருந்தால் லென்ஸில் விழுந்த எதிர்வெயிலையோ ஷட்டரையோ சந்தேகிக்கலாம்.

பிரிண்ட்

டார்க்ரூம் வாய்ப்பு இருந்தால் விடாதீர்கள். ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைச் சரிக்கட்டி உங்கள் நெகட்டிவின் குறையை மூடிவிடும், நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் மூடாது. டார்க்ரூம் இல்லாதவர்கள் லைட் பேனல் மேல் நெகட்டிவை வைத்து மேக்ரோ லென்ஸால் டிஜிட்டல் கேமராவில் படமெடுக்கலாம், நன்றாகவே வரும்.

முதலில் கான்டாக்ட் ஷீட். நெகட்டிவ் பட்டைகளை நேரடியாகத் தாளின்மேல் கண்ணாடியால் அழுத்தி ஒளி காட்டுவது. நெகட்டிவின் வெற்று ஓரம் தாளில் முழுக் கறுப்பாக மாறும் குறைந்தபட்ச நேரத்தைக் கண்டுபிடித்து, எல்லா ஷீட்டையும் அதே நேரத்தில் எடுங்கள். குறைவாக எடுத்த ஃபிரேம் இருண்டும் அதிகமாக எடுத்தது வெளுத்தும் அப்படியே தெரியும்.

பெரிதாக்க 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ், எஃப்/8, ரெசின் பூசிய மல்டிகிரேடு தாள், கிரேடு 2 ஃபில்டர் (கிரேடு எண் கூடினால் கறுப்புக்கும் வெள்ளைக்குமான வித்தியாசம் கூடும்). ஒரு தாளைப் பட்டைகளாக வெட்டி, அட்டையை நகர்த்தி நகர்த்தி 3, 6, 9, 12, 15 வினாடி என்று டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுங்கள். அதை முகத்தின் குறுக்கே வையுங்கள், வெறும் வானத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது. டெவலப்பரில் ஒரு நிமிடம் முழுதாக இருக்கட்டும். கறுப்பாகிறதே என்று பயந்து பாதியில் இழுத்தால் சாம்பல் பூத்த பிரிண்ட்தான் கிடைக்கும். ஸ்டாப் பாத்தில் 10 வினாடி, ஃபிக்ஸரில் அரை நிமிடம், ஓடும் நீரில் இரண்டு நிமிடம். சேஃப்லைட்டில் (தாளைப் பாதிக்காத டார்க்ரூம் விளக்கு) எல்லாம் இருட்டாகத் தெரியும் என்பதால் வெள்ளை விளக்கில் பார்த்தே முடிவெடுங்கள்.

வெள்ளைப் பகுதி சரியான வெளுப்பில் வரும்வரை நேரத்தை மாற்றுங்கள். அது அமைந்த பிறகு கறுப்பைப் பாருங்கள். கறுப்பு சாம்பலாக இருந்தால் கிரேடை 3-க்கு ஏற்றுங்கள், நிழல் அடைத்துக்கொண்டால் 1-க்கு இறக்குங்கள். நன்றாக எடுத்துக் கழுவிய நெகட்டிவ் 2 அல்லது 3-இல் விழும். எப்போதும் 4, 5 என்று போக வேண்டியிருந்தால் கோளாறு தாளில் இல்லை, ஃபிலிமை டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டுங்கள். கையால் மறைத்து முகத்தை வெளுப்பாக்குவதும் வானத்துக்குக் கூடுதல் நேரம் கொடுப்பதும் அதற்குப் பிறகு.

எப்போது எதை மாற்றலாம்

பத்து ரோல் ஆகி, கான்டாக்ட் ஷீட்டில் ஃபிரேம்கள் ஒரே சீராக வரத் தொடங்கியதும் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். முதலில் புஷ் செய்து, அதாவது ஃபிலிமின் ஐஎஸ்ஓவைக் கூட்டிக் கணக்கிட்டு எடுத்து அதிக நேரம் டெவலப் செய்து பாருங்கள், இருட்டு அரங்கிலும் இரவுத் தெருவிலும் எடுக்க அது வேண்டியிருக்கும். எச்பி5 பிளஸை 1600-ஆகக் கணக்கிட்டு ரோல் முழுவதையும் எடுத்து, ஐடி-11 ஸ்டாக்கில் 20 டிகிரியில் 14 நிமிடம் கழுவுங்கள். கேசட்டில் 1600 என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். புஷ் செய்வதால் நிழலில் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. விளக்கு வெளிச்சம் விழுந்த பகுதிகள்தான் மேலேறும், கிரெய்னும் கறுப்பு வெள்ளை வித்தியாசமும் (கான்ட்ராஸ்ட்) கூடும். அதனால் இந்த ரோலில் மீட்டரை முகத்தில் காட்டி அளந்து, முகத்துக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, பின்னாலிருக்கும் இருட்டை இருட்டாகவே விட்டுவிடுங்கள்.